பிரைவேட் ஐபி பொது இணையத்தில் ஏன் தலைகாட்டுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்வொர்க் வேலையில் இருப்பதால், பிரைவேட் ஐபி (வீடு, அலுவலகம் போன்ற உள் நெட்வொர்க்குக்குள் மட்டும் பயன்படுத்துவதற்கான முகவரி) பற்றிய ஒரே சந்தேகம் வேறு வேறு வார்த்தைகளில் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. "இந்த முகவரிகள் வெளியே வரவே வராது என்று படித்தேன், ஆனால் இதோ என் திரையில் இருக்கிறதே?" தனித்தனியாகப் பதில் எழுதியவற்றை எல்லாம் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. எளிதானவை முதலில், சிக்கலானவை போகப்போக.

பிரைவேட் ஐபி எவை எவை? 192 என்று ஆரம்பித்தால் எல்லாமே பிரைவேட்தானே?

இல்லை. மூன்றே தொகுதிகள்தான்: 10.0.0.0 முதல் 10.255.255.255 வரை, 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை, 192.168.0.0 முதல் 192.168.255.255 வரை. 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் இவற்றை வரையறுக்கிறது (ஆர்எஃப்சி என்பது இணைய நடைமுறைகளை விவரிக்கும் எண்ணிட்ட ஆவண வரிசை). முதல் தொகுதியில் 1,67,77,216 முகவரிகள், இரண்டாவதில் 10,48,576, மூன்றாவதில் 65,536.

192-ல் 168 மட்டும்தான் பிரைவேட், மற்றவை வேறு வேறு ஆட்களுடையவை. 172-ல்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஃபயர்வாலில் 172 முழுவதையும் அடைத்துவிட்டு, கூகுள் சில நேரம் திறக்கிறது சில நேரம் திறக்கவில்லை என்று ஒருவர் வந்தார். 172.217 என்று தொடங்குபவை கூகுளுடைய பொது முகவரிகள், அவற்றையும் சேர்த்து அடைத்திருக்கிறார். 16 முதல் 31 வரை, அவ்வளவுதான்.

இதை யார் ஒதுக்கினார்கள், எதற்கு?

ஐபிவி4 முகவரிகள் (மேலே பார்த்த நான்கு எண் வடிவ முகவரிகள்) சீக்கிரம் தீர்ந்துவிடும் என்ற பயம் 1990-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஒரு நிறுவனத்துக்கு உள்ளேயே பேசிக்கொள்ளும் கணினிகளுக்கு உலகம் முழுவதும் தனித்துவமான எண் எதற்கு, எல்லோரும் ஒரே எண்களைத் தங்கள் தங்கள் வளாகத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளட்டுமே என்பதுதான் யோசனை. 1994 மார்ச்சில் ஆர்எஃப்சி 1597 இதை முன்வைத்தது. அதே ஆண்டு ஜூலையில் ஆர்எஃப்சி 1627 கடுமையாக எதிர்த்தது: இரண்டு நிறுவனங்கள் நாளைக்கு இணைந்தால் இரண்டு பக்கமும் ஒரே எண்கள் இருக்குமே, என்ன செய்வீர்கள் என்று கேட்டது. நியாயமான கேள்வி, இன்றைக்கும் நெட்வொர்க்குகளை இணைக்கும்போது அந்த வலியைத்தான் அனுபவிக்கிறோம். இரண்டு தரப்பும் சேர்ந்து எழுதியதுதான் 1918.

10 என்ற தொகுதி முன்பு, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டுடையது. 1990-ல் அந்த நெட்வொர்க்கை நிறுத்திய பிறகு எண் சும்மா இருந்தது.

"பிரைவேட் ஐபி ரூட் ஆகாது" என்கிறார்கள். பாக்கெட்டில் ஏதாவது பூட்டு இருக்கிறதா?

பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) எதிலும் ஒரு பூட்டும் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். ரூட்டருக்கு 10.1.1.1 என்பதும் மற்ற எந்த முகவரியும் ஒன்றுதான், இரண்டும் 32 பிட் எண்கள். தன் ரூட்டிங் அட்டவணையில் அந்த எண்ணுக்கு வழி இருந்தால் அனுப்பும், இல்லையென்றால் கீழே போடும். "இது பிரைவேட், நான் தொடமாட்டேன்" என்று தானாகச் சொல்லும் அறிவு ரூட்டருக்குக் கிடையாது, யாராவது ஒருவர் அதில் விதி எழுதி வைத்தால்தான் உண்டு.

அப்படியென்றால் இவை பொது இணையத்தில் போகாமல் இருப்பது எதனால்? ஒப்பந்தத்தால். ஒவ்வொரு நெட்வொர்க்கும் தன் வாசலிலேயே இவற்றை நிறுத்த வேண்டும், அண்டை நெட்வொர்க்குகளிடம் இவற்றுக்கான வழியை அறிவிக்கக் கூடாது. யாராவது ஒருவர் வாசலைத் திறந்து வைத்திருந்தால் வெளியே வரும். கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்தத் திறந்த வாசலைப் பற்றியவைதான்.

என் வீட்டில் 10.5.5.5 என்று எதுவுமே இல்லை. அதற்கு பிங் செய்தால் எங்கே போகும்?

பிங் என்பது ஒரு முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை. வீட்டு ரூட்டருக்கு அந்த எண்ணைப் பற்றித் தெரியாது. தெரியாததை எல்லாம் மேலே தள்ளு என்பது அதன் இயல்பு வழி, ஆகவே உங்கள் இணைய சேவை நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். அங்கே வடிகட்டியிருந்தால் முதல் தாவலிலேயே செத்துவிடும். இல்லையென்றால் இயல்பு வழி என்பதே இல்லாத பெரிய ரூட்டர் வரைக்கும் ஏறி அங்கே விழும்.

ஆனால் சில நேரம் பதில் வரும்! அந்த நிறுவனம் தன் உள் கருவிகளுக்கு 10-ஐப் பயன்படுத்தி, வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து அவற்றை மறைக்காமல் விட்டிருந்தால் நீங்கள் பேசுவது அவர்களுடைய ஏதோ ஒரு ஸ்விட்ச்சோடு. அலுவலக விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் பாதுகாப்பான இணைப்பு) அறுந்துபோன நேரத்தில் இதுதான் கவலைக்குரியது: அலுவலகத்தின் 10.5.5.5-க்குப் போக வேண்டிய பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் வெளியே போகின்றன.

ட்ரேஸ்ரூட் ஓட்டினேன், நடுவில் 10.20.30.1 என்று வருகிறது. யாராவது என் லைனில் புகுந்திருக்கிறார்களா?

இல்லை, பயப்பட வேண்டாம். நடுவில் இருக்கும் ரூட்டர் "உன் பாக்கெட்டின் ஆயுள் என்னிடம் முடிந்தது" என்று ஒரு ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழை அறிவிப்பு) செய்தி அனுப்புகிறது, பாதையில் உள்ள ரூட்டர்களைப் பட்டியலிடும் கருவியான ட்ரேஸ்ரூட் காட்டுவது அந்தச் செய்தியின் அனுப்புநர் முகவரியை. நிறைய நிறுவனங்கள் தங்கள் ரூட்டர்களுக்கு இடையிலான இணைப்புகளுக்கு, பொது முகவரிகளை மிச்சப்படுத்த, பிரைவேட் எண்களையே கொடுத்து வைத்திருக்கின்றன. அந்த எண்தான் உங்கள் திரையில்.

அந்தச் செய்தி உங்கள் வரைக்கும் எப்படி வந்தது? ரூட்டர்கள் பெறுநர் முகவரியை மட்டும் பார்த்துத்தான் அனுப்பும். பெறுநர் நீங்கள், உங்களுக்கு வழி இருக்கிறது. அனுப்புநர் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பெரும்பாலான ரூட்டர்கள் பார்ப்பதே இல்லை. முதல் வரியில் வரும் 192.168.1.1 போன்றது உங்கள் சொந்த ரூட்டர், அது சரியானதே.

அப்படியென்றால் அதனால் கெடுதல் ஒன்றுமே இல்லை, அப்படித்தானே?

இருக்கிறது, கண்டுபிடிக்க எரிச்சலூட்டும் வகைக் கெடுதல். ஒரு இணைப்பு சிறிய பாக்கெட்டுகளை மட்டும்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள ரூட்டர், பெரிய பாக்கெட் வந்தால் "இது பெரிது, குறைத்து அனுப்பு" என்று அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும். அந்த ரூட்டரின் முகவரி 10-ல் இருந்தால் அந்தச் செய்தியும் 10-லிருந்து வந்ததாகவே போகும். அனுப்பியவருடைய நெட்வொர்க் ஒழுங்கானது, பிரைவேட் அனுப்புநரை வாசலிலேயே தூக்கிப் போடுகிறது. செய்தி சேரவில்லை. அனுப்பியவர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

வெளியே தெரியும் அறிகுறி: பிங் வேலை செய்யும், இணைப்பு உருவாகும், சிறிய பக்கம் திறக்கும், பெரிய கோப்பு மட்டும் பாதியில் தொங்கும். யாரும் ரூட்டர் முகவரியைச் சந்தேகிக்கவே மாட்டார்கள். 2012-ல் வந்த ஆர்எஃப்சி 6752 இந்த மாதிரிச் சிக்கல்களைத்தான் வரிசையாகப் பேசுகிறது. அதனால்தான் எண்ணை மிச்சப்படுத்துகிறோம் என்று இப்படி அமைப்பது எனக்குப் பிடிப்பதில்லை, மிச்சமானதைவிட மற்றவர்களுடைய நேரம் அதிகமாகச் செலவாகிறது.

ரூட்டரின் வெளிப்பக்கத்தில் 100.72 என்று ஏதோ வந்திருக்கிறது. இது பப்ளிக்கா பிரைவேட்டா?

இரண்டும் இல்லை. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை பகிர்வு முகவரிகள், 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 மூலம் ஒதுக்கப்பட்டவை, மொத்தம் 41,94,304. பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் நிறுவனங்களுக்கானது. ஏன் 10-ஐயே பயன்படுத்தவில்லை என்றால், உங்கள் ரூட்டரின் உள்பக்கமும் 10 ஆக இருந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே எண் வந்து ரூட்டர் குழம்பிவிடும்.

உங்களுக்கு இதன் பொருள்: போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள் கருவிக்குத் திருப்பிவிடுவது) எவ்வளவு முயன்றாலும் வேலை செய்யாது, ஏனென்றால் உங்கள் ரூட்டருக்கு மேலே இன்னொரு நேட் (உள் முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் அமைப்பு) இருக்கிறது. வெளிப்பக்கம் 10 என்று வந்தாலும் இதே கதைதான்.

ஃபயர்வாலின் வெளி இன்டர்ஃபேஸ் லாக்கில் 192.168.1.20-லிருந்து பாக்கெட் வந்ததாக இருக்கிறது. தாக்குதலா?

தாக்குதலாக இருக்கலாம், ஆனால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை வேறு யாரோ ஒருவருடைய நேட் ஒழுகியவை. நேட் செய்யும் ரூட்டர் ஒவ்வொரு இணைப்பையும் தன் அட்டவணையில் எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் உள் முகவரியை மாற்றி அனுப்பும். இணைப்பு ரொம்ப நேரம் சும்மா இருந்தால் அந்தக் குறிப்பை அழித்துவிடும். அதற்கப்புறம் உள்ளிருக்கும் கணினி விழித்துக்கொண்டு "சரி, இணைப்பை முடித்துக்கொள்ளலாம்" என்று ஒரு ஃபின் அல்லது ரீசெட் பாக்கெட் அனுப்பும்போது, அது எந்த இணைப்பைச் சேர்ந்தது என்று ரூட்டருக்குத் தெரியாது. லினக்ஸ் சார்ந்த ரூட்டர்களில் இப்படிப்பட்ட செல்லாத பாக்கெட்டுகளுக்கு நேட் நடக்காது, தடுக்கும் விதியும் இல்லையென்றால் உள் முகவரியோடு அப்படியே வெளியே போய்விடும்.

ஆகவே கொடிகளை (பாக்கெட்டின் வகையைக் காட்டும் குறிகளை) பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஃபின் அல்லது ரீசெட் கொடியோடு, நீங்கள் நடத்தும் சேவையின் போர்ட்டுக்கு வந்தால் இந்த ஒழுகல்தான். விநாடிக்கு ஆயிரக்கணக்கில், முகவரி மாறி மாறி வந்தால் அனுப்புநரைப் பொய்யாக எழுதி அனுப்பும் வெள்ளம். இரண்டுக்கும் உங்கள் பக்கம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வெளி இன்டர்ஃபேஸில் பிரைவேட் அனுப்புநரோடு வருவதைக் கீழே போடுங்கள்.

ஹூயிஸில் தேடினால் ஐயானா என்று வருகிறது. அவர்களுக்குப் புகார் அனுப்பலாமா?

வேண்டாம். ஹூயிஸ் என்பது ஒரு முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் தேடல். ஐயானா எண்களைப் பதிவேட்டில் ஒதுக்கி வைத்திருக்கும் அமைப்பு மட்டும்தான். 192.168.1.20 என்ற எண் இந்த நிமிடம் உலகில் எண்ணற்ற வீடுகளில் இருக்கிறது, அதில் எது என்று அவர்களுக்கும் தெரியாது. அந்தப் பாக்கெட் எந்த இணைப்பு வழியாக நுழைந்தது என்று பார்க்க முடிந்தவர் உங்களுக்கு மேலே இருக்கும் நிறுவனம். அவரிடம் எப்படிக் கேட்பது என்பது கடைசிக் கேள்வியில்.

என் நெட்வொர்க்கிலிருந்து கசிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. வெளி இன்டர்ஃபேஸில், அதாவது நேட் முடிந்த பிறகு, பாக்கெட் பிடிக்கும் கருவியை ஓடவிட்டு, மூன்று தொகுதிகளிலிருந்தும் கிளம்பும் அனுப்புநர்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். உள் இன்டர்ஃபேஸில் பிடித்துவிட்டு "ஐயோ, எல்லாமே கசிகிறது" என்று பதறியவர்கள் உண்டு, அங்கே அப்படித்தான் இருக்கும். ஒரு நாள் முழுக்க ஓடட்டும், மேலே சொன்ன நேட் ஒழுகல் பத்து நிமிடத்தில் கண்ணில் படாமல் போகலாம்.

அடைப்பதற்கு மூன்று வேலை. ஒன்று, செல்லாத நிலையில் இருக்கும் பாக்கெட்டுகளை வெளியே விடாமல் போடுவது. இரண்டு, உங்கள் பொது முகவரி அல்லாத எந்த அனுப்புநரும் வாசலைத் தாண்டக் கூடாது என்ற விதி. 2000 மே மாதத்திலேயே ஆர்எஃப்சி 2827 சொன்னது இதைத்தான், பிசிபி 38 என்ற பெயரில் நெட்வொர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று, மூன்று தொகுதிகளுக்கும் எங்கும் போகாத ஒரு வழியை எல்லை ரூட்டரில் எழுதுவது. நீங்கள் உள்ளே பயன்படுத்தும் சிறிய தொகுதிகளுக்குக் குறிப்பான வழி இருப்பதால் அவை பாதிக்கப்படாது, தெரியாதவை மட்டும் உங்கள் வாசலிலேயே விழும். விபிஎன் அறுந்தபோது வெளியே போனவையும் இதில் நின்றுவிடும்.

வெளிப்பக்கமே 10 அல்லது 100.64 என்று வாங்கியவர்கள் கொஞ்சம் கவனம், அந்த ஒரு முகவரிக்கு விலக்கு கொடுக்காமல் விதி எழுதினால் இணையமே நின்றுவிடும். வந்த வழியே திரும்பும் வழியா என்று சரிபார்க்கும் வசதியை, இரண்டு இணைய இணைப்பு வைத்திருப்பவர்கள் கண்டிப்பான முறையில் போட வேண்டாம், போகும் பாதையும் வரும் பாதையும் வேறாக இருந்தால் நல்ல பாக்கெட்டுகளும் சாகும்.

யாராவது பிஜிபி-யில் 10.0.0.0/8-ஐ உலகத்துக்கே அறிவித்தால் என்ன ஆகும்?

பிஜிபி என்பது நெட்வொர்க்குகள் தங்களுக்கு வரும் வழிகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறை, 10.0.0.0/8 என்பது 10 தொகுதி முழுவதும். பெரும்பாலான நெட்வொர்க்குகள் ஏற்காது, இவற்றை நிராகரிக்கும் வடிகட்டி எல்லோரும் போட்டிருக்க வேண்டிய அடிப்படை. ஆனால் போடாதவர்களிடம் கொஞ்ச தூரம் பரவும்.

இதில் ஒரு நுணுக்கம். உள்ளே 10.0.0.0/8 என்று ஒரே பெரிய வழி வைத்திருக்கிறீர்கள், வெளியிலிருந்து 10.2.3.0/24 (அதே தொகுதியின் ஒரு சிறு பகுதி) என்ற அறிவிப்பு வடிகட்டாமல் உள்ளே வந்துவிட்டது. குறிப்பான வழிதான் எப்போதும் ஜெயிக்கும், ஆகவே உங்கள் உள் சர்வருக்குப் போக வேண்டியது வெளியே போகும். வாங்கும் பக்கமும் வடிகட்டுங்கள், கொடுக்கும் பக்கமும் வடிகட்டுங்கள். அண்டை நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள்.

பொது டிஎன்எஸ்-ல் ஒரு பெயருக்கு 192.168.1.10 என்று போட்டிருக்கிறேன். தப்பா?

டிஎன்எஸ் என்பது பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் சேவை. இப்படிப் போட்டால் வேலை செய்யும், ஆனால் நான் செய்யமாட்டேன். உங்கள் லேப்டாப் வேறொருவருடைய வைஃபையில் இருக்கும்போது அந்தப் பெயரைத் திறந்தால், அங்கே இருக்கும் 192.168.1.10-க்குப் போகும். அது யாருடைய கருவியோ. சான்றிதழ் சரிபார்ப்பு இல்லாத சேவை என்றால் கடவுச்சொல்லை அதனிடம் கொடுத்துவிடுவீர்கள். உள் அமைப்பின் வரைபடமும் கேட்டவருக்கெல்லாம் தெரிகிறது.

அப்புறம், சில டிஎன்எஸ் சர்வர்கள் இப்படிப்பட்ட பதிலை வேண்டுமென்றே விழுங்கிவிடும். காரணம் ரீபைண்டிங் என்ற தந்திரம்: ஒரு கெட்ட தளம் முதலில் தன் பொது முகவரியைக் கொடுத்து உங்கள் பிரவுசரில் நிரலை ஏற்றும், அடுத்த நொடி அதே பெயருக்கு 192.168.1.1 என்று பதில் சொல்லும், பிரவுசரோ அதே தளத்தோடு பேசுவதாக நினைத்து உங்கள் ரூட்டரோடு பேசும். உள்ளே ஒரு பதில், வெளியே ஒரு பதில் என்று டிஎன்எஸ்-ஐப் பிரித்து வையுங்கள், அதுதான் சுத்தம்.

லாக்கில் "பிரிசனர்", "பிளாக்ஹோல்" என்ற பெயர்களுக்கு என் கணினி பேசுவதாக இருக்கிறது. வைரஸா?

பெயர்தான் பயமுறுத்துகிறது, விஷயம் சாது. உங்கள் கணினி "10.1.1.5 என்பவரின் பெயர் என்ன" என்று தலைகீழ் டிஎன்எஸ் கேட்கிறது, அல்லது தன் பெயரை அங்கே பதிய முயல்கிறது. உள் டிஎன்எஸ் பதில் சொல்லாததால் கேள்வி பொது இணையத்துக்கு ஏறுகிறது. இப்படி உலகம் முழுவதிலிருந்தும் கசியும் கேள்விகளால் முக்கிய சர்வர்கள் திணறக் கூடாது என்பதற்காகவே ஏஎஸ்112 என்ற கூட்டு முயற்சி இருக்கிறது. தன்னார்வமாகப் பலர் பல இடங்களில் நடத்தும் சர்வர்கள் "அப்படி ஒருவர் இல்லை" என்று பதில் சொல்லி அனுப்பிவிடுகின்றன. அவற்றின் பெயர்கள்தான் நீங்கள் பார்த்தவை.

யாரோ நமக்காக இலவசமாகக் குப்பை அள்ளுகிறார்கள். உங்கள் டிஎன்எஸ் சர்வரிலேயே இந்த மண்டலங்களை வைத்துவிட்டால் கேள்வி வெளியே போகாது, 2011-ல் வந்த ஆர்எஃப்சி 6303 அதற்கான பட்டியலைத் தருகிறது.

என் வெப் சர்வர் லாக்கில் வருகிற எல்லோருக்கும் 172.17.0.1 என்றே இருக்கிறதே?

இது கசிவே இல்லை. 172.17 என்பது டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) இயல்பாக எடுத்துக்கொள்ளும் தொகுதி, சர்வருக்கு முன்னால் நிற்கும் இடைத்தரகரின் முகவரியைத்தான் பார்க்கிறீர்கள். உண்மையான முகவரி, இடைத்தரகர் கோரிக்கையோடு சேர்த்து அனுப்பும் தலைப்பு வரியில் வரும். ஆனால் அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம், ஆகவே உங்கள் சொந்த இடைத்தரகர் எழுதியதை மட்டும் நம்புங்கள். "10-லிருந்து வந்தால் நம் ஆள்தான்" என்று கடவுச்சொல் இல்லாமல் விடும் நிரலை நான் பார்த்திருக்கிறேன், தலைப்பு வரியில் 10 என்று எழுதினாலே போதும், உள்ளே போய்விடலாம். மின்னஞ்சல் தலைப்பில் வரும் 10-ம் இப்படித்தான், அது வெறும் எழுத்து, பாக்கெட் இல்லை.

உள்ளே எல்லாமே பிரைவேட் ஐபி. அப்புறம் ஃபயர்வால் எதற்கு?

பூட்டு இல்லை என்று மேலே சொன்னேனே, அதன் விளைவு இது. உங்கள் ரூட்டரின் வெளிப்பக்கம் இருக்கும் அதே இணைப்பில் உள்ள ஒருவர், "192.168.1.0-க்குப் போக வேண்டுமானால் இந்த ரூட்டர் வழியாக" என்று தன் கணினியில் ஒரு வழி எழுதி, நேராக உங்கள் ரூட்டருக்கு அனுப்பலாம். வடிகட்டும் விதி இல்லையென்றால் ரூட்டர் கடமையாக உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். நேட் என்பது முகவரி மாற்றும் வேலை, காவல் வேலை அல்ல.

எங்கள் நிறுவனத்தில் 10 தீர்ந்துவிட்டது. யாரும் பயன்படுத்தாத 11-ஐ எடுத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து வேண்டாம். "யாரும் பயன்படுத்தவில்லை" என்பது இன்றைய நிலை மட்டும்தான். 11 அமெரிக்கப் பாதுகாப்புத் துறையுடையது, பல ஆண்டுகள் இணையத்தில் தெரியாமலே இருந்தது, 2021 ஜனவரியில் திடீரென்று அறிவிக்கப்பட்டது. உள்ளே அதை இரவல் எடுத்தவர்களிடமிருந்து அதுவரை எங்கோ விழுந்துகொண்டிருந்த கசிவுகள் அன்றிலிருந்து உண்மையான ஒரு நெட்வொர்க்குக்குப் போய்ச் சேர்ந்தன.

1 என்று தொடங்கும் தொகுதியிலும் இதே பாடம். 2010 ஜனவரியில் அது ஏப்நிக்குக்கு (ஆசிய-பசிபிக் பகுதிக்கு முகவரிகளைப் பிரித்துத் தரும் அமைப்பு) ஒதுக்கப்பட்டபோது, சோதனைக்காக 1.1.1.0/24-ஐ ஐரோப்பாவில் அதே வேலை செய்யும் ரைப் அமைப்பு அறிவித்துப் பார்த்தது. அந்தச் சோதனைக்கான 10 மெகாபிட் இணைப்பு வந்து குவிந்த குப்பையில் நிரம்பிவிட்டது. 2018 ஏப்ரல் 1 அன்று கிளவுட்ஃப்ளேர் 1.1.1.1-ல் டிஎன்எஸ் சேவை தொடங்கியபோதும், அந்த எண்ணை உள்வேலைக்கு எடுத்திருந்த கருவிகளுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு அது எட்டவில்லை. 10 தீர்ந்தால் முதலில் 172.16 தொகுதியைப் பாருங்கள், அப்புறம் ஐபிவி6 (அடுத்த தலைமுறையின் நீளமான முகவரி முறை).

ஐபிவி6 வந்தால் இந்தத் தொல்லை போய்விடுமா?

குறையும், போகாது. அங்கேயும் உள் பயன்பாட்டு முகவரிகள் உண்டு, எஃப்டி என்று தொடங்குபவை, 2005-ல் ஆர்எஃப்சி 4193 வரையறுத்தவை. நல்ல விஷயம், ஒவ்வொருவரும் 40 பிட் தற்செயல் எண்ணைச் சேர்க்க வேண்டும், அதனால் இரண்டு நெட்வொர்க் இணையும்போது எண் மோதுவது அபூர்வம். நிறையப் பேர் தற்செயல் எண்ணுக்குப் பதிலாக எல்லாம் சுழியம் என்று போட்டு அந்த நன்மையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வாசலில் வடிகட்டும் வேலை அங்கேயும் அதேதான்.

கசிவு மேலேயிருந்துதான் வருகிறது என்று உறுதி. சேவை நிறுவனத்திடம் என்ன சொல்லிக் கேட்பது?

"உங்கள் நெட்வொர்க்கில் பிரைவேட் ஐபி தெரிகிறது" என்று மட்டும் எழுதினால், ட்ரேஸ்ரூட் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைத்து "அது சாதாரணம்" என்று மூடிவிடுவார்கள். இப்படிக் கொடுங்கள்: பாக்கெட் வந்த நேரம் நேர மண்டலத்தோடு, உங்கள் பொது முகவரி, அனுப்புநராகக் காட்டிய எண், நெறிமுறையும் போர்ட்டும் கொடியும், வெளி இன்டர்ஃபேஸில் பிடித்த சின்ன பாக்கெட் பதிவு. வந்த பாக்கெட்டின் மேக் முகவரியையும் (அனுப்பிய கருவியின் வன்பொருள் எண்) சேர்த்தால், அது அவர்களுடைய ரூட்டர் வழியாக வந்ததா, உங்களோடு அதே இணைப்பில் இருக்கும் இன்னொரு வாடிக்கையாளரிடமிருந்து நேராக வந்ததா என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றே: "வாடிக்கையாளர் பக்கத்து இன்டர்ஃபேஸ்களில் பிசிபி 38 வடிகட்டல் போட்டிருக்கிறீர்களா?" முதல் வரிசை உதவியாளருக்குப் புரியாமல் போகலாம், நெட்வொர்க் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே இருப்பவருக்கு அந்த ஒரு வரி போதும்.